பரவாயில்லைக்கு மூன்று நட்சத்திரம்

'பரவாயில்லை' என்ற சொல்லுக்கு ஐந்துக்கு மூன்று என்று எங்கள் அலுவலகத்தில் முதன்முதலில் எழுதி வைத்தவள் நான்தான். ஒரு மத்தியானம், மேஜை மேல் வைத்த டீ ஆறுவதற்குள் எழுதினேன். அதைத் திருத்துவதற்கு நான்கு வருடம் ஆனது. அந்தத் திருத்தத்தைப் பற்றி எழுதச் சொல்லி எங்கள் தமிழ்ப் பிரிவில் இருந்த இரண்டு இளையவர்களும் கேட்டார்கள்.

தமிழ்ப் பிரிவு போன மாதத்தோடு மூடப்பட்டது. வாடிக்கையாளர்கள் இணையத்தில் எழுதும் கருத்துகளை இனி மென்பொருளே படித்து, சுருக்கி, ஒரு வரியாகச் சொல்லிவிடும். இளையவர்களுக்கு வேறு பிரிவில் இடம் கிடைத்தது. எனக்கு ஐம்பத்து நான்கு வயது. விருப்ப ஓய்வு எடுத்துக்கொண்டேன். விடைபெறும் நாளில் சமோசா தட்டோடு வந்து நின்ற ரித்திகா, "முனிர்கா கேஸ் முனிர்கா கேஸுன்னு எல்லாரும் சொல்றாங்க ஆன்ட்டி, முழுசா யாருக்கும் தெரியலே. எழுதிக் குடுங்க. ஆனா சின்னச் சின்ன வாக்கியமா எழுதுங்க, ப்ளீஸ். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்" என்றாள். ரித்திகா டில்லியில் பிறந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள். படிப்பது போலப் பாவனையும் செய்வாள். அவளுக்காக வாக்கியங்களைச் சிறியதாக வைக்க முயல்கிறேன். நாட்குறிப்புகள் என்னிடம் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

என் தந்தை மத்திய அரசில் எழுத்தராக இருந்தார். டில்லி கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தேன். என் தமிழ் பாதி வீட்டில் வந்தது, பாதி பள்ளிப் புத்தகத்தில் வந்தது. தெருவில் வந்தது ஹிந்தி. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும். பட்டப்படிப்பு முடித்ததும் சந்தை ஆய்வு நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். டில்லியில் உள்ள தமிழ்க் குடும்பங்களின் வீடு வீடாகப் போய், எந்தப் பற்பசை, எந்தக் காப்பித்தூள், ஏன் என்று கேட்டு எழுதி வரும் வேலை. முதல் மூன்று வருடங்களில் மூன்று ஜோடி செருப்பு தேய்ந்தது, கதவைத் தட்டும் விதம் கைவந்தது. அதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தப் படிவத்தைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். இடப்பக்கம் கேள்வி. நடுவில் அவர்கள் சொன்ன பதில், சொன்ன சொல்லிலேயே. வலப்பக்க ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பத்தி காலியாக இருக்கும். அதற்குப் படிவத்தில் பெயர் கிடையாது. எங்கள் மேலாளர் மல்ஹோத்ரா மேடம் அதை 'கினாரா' என்பார். ஹிந்தியில் கரை, ஓரம். பதில் சொன்னவர் அதை எப்படிச் சொன்னார் என்பதைக் கினாராவில் எழுத வேண்டும். சிரித்தாரா, யோசித்தாரா, மாமியார் பக்கம் திரும்பிப் பார்த்தாரா.

மல்ஹோத்ரா மேடத்துக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் எந்தப் படிவத்தையும் தமிழில் படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போட மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். நான் பதிலைத் தமிழில் படிப்பேன். "ஃபிர் ஸே" என்பார். மறுபடி படிப்பேன். அதற்கப்புறம்தான் பொருள் கேட்பார். ஒருமுறை லக்ஷ்மிபாய் நகரில் ஒரு அம்மாள் புது டீத்தூளைப் பற்றி "ரொம்ப நன்னாருக்கு" என்று சொல்லியிருந்தார். நான் படித்து முடித்ததும் மேடம் கண்ணைத் திறக்காமல், "பாக்கெட் பிரித்திருந்ததா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அன்றே பஸ் ஏறித் திரும்பப் போனேன். பாக்கெட் பிரிக்கப்படாமல் அலமாரியில் இருந்தது. "உன்னை வெயில்ல நிக்க வெச்சு எப்படிடீ நன்னாயில்லேன்னு சொல்றது?" என்றார் அந்த அம்மாள். கினாராவில் அதையும் எழுதினேன். மறுநாள் மேடம் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். தன் டப்பாவிலிருந்து ஒரு முள்ளங்கிப் பராட்டாவை என் தட்டில் வைத்தார். அவர் பாராட்டு எப்போதும் அப்படித்தான் வரும்.

பிறகு எல்லாம் மாறியது. நாங்கள் கதவைத் தட்டுவதற்கு முன்பே மக்கள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வாங்கிய பொருளைப் படம் எடுத்துப் போட்டார்கள். குடும்பக் குழுவில் ஒரு சித்தி நல்லெண்ணெய் பற்றி இரண்டு வரி எழுதினால் பதினைந்து வீடுகளில் அந்த எண்ணெய் வந்து இறங்கியது. கம்பெனிகள் விளம்பரப் பலகையைவிட அந்தச் சித்தியை நம்பத் தொடங்கின. எங்கள் நிறுவனமும் படிவங்களைக் கட்டி வைத்துவிட்டு, வசந்த் குஞ்ச் பக்கம் கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு மாடியை எடுத்தது. கேட்டு எழுதிய நாங்கள் இப்போது திரையில் வருவதைப் படித்து எண் கொடுத்தோம்.

ஆரம்பத்தில் நிறையச் சிரித்தோம். சென்னையிலிருந்து ஒரு சாம்பார்பொடி. அதன் பக்கத்தில் யாரோ ஒருவர், "வேற லெவல், கொன்னுட்டாங்க" என்று எழுதியிருந்தார். பொடிக் கம்பெனியின் சட்டப் பிரிவிலிருந்து பதறிப்போய் ஃபோன் வந்தது. எங்கள் மென்பொருள் அதைக் கொலை என்று குறித்து எச்சரித்திருந்தது. மல்ஹோத்ரா மேடம் என்னைக் கூப்பிட்டு, "லலிதா, யார் யாரைக் கொன்றது?" என்றார். விளக்கினேன். "ஏக் சாம்பார் கே லியே இத்னா?", ஒரு சாம்பாருக்கு இவ்வளவா, என்று சிரித்தார். ஆனாலும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஃபிர் ஸே" என்றார்.

அந்த வாரம்தான் மேடம் ஒரு பட்டியல் போடச் சொன்னார். எந்தத் தமிழ்ச் சொல் வந்தால் ஐந்துக்கு எத்தனை என்று. ஒவ்வொரு வரிசையிலும் சொல், எண், எழுதியவர் பெயரின் முதல் எழுத்து. 'அருமை' ஐந்து. 'கொன்னுட்டாங்க' ஐந்து. 'மோசம்' ஒன்று. பழைய படிவங்களில் ஐந்து படிகள் அச்சாகியிருக்கும்: மிக நன்று, நன்று, பரவாயில்லை, சரியில்லை, மோசம். நடுவில் இருந்தது பரவாயில்லை. அதனால் மூன்று. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. என் பள்ளிப் புத்தகத் தமிழில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு குரல்தான் இருந்தது. பக்கத்தில் 'ல' என்று போட்டேன். டீயைக் குடித்தேன்.

பிறகு, வீட்டில் உள்ள அறையை வெளியூர்க்காரர்களோடு பகிர்ந்துகொள்ளும் ஒரு இணையச் சேவை எங்களிடம் வாடிக்கையாளராக வந்தது. தங்கிப் போகிறவர்கள் நட்சத்திரம் போடலாம், அல்லது எழுதலாம், இரண்டும் செய்யலாம். தமிழர்கள் பலர் நட்சத்திரத்தைத் தொடாமல் எழுதிவிட்டுப் போவார்கள். அந்த எழுத்தை நாங்கள் பட்டியலைப் பார்த்து நட்சத்திரமாக்குவோம். ஒருவர் படித்து எண் கொடுப்பார். அந்த எண்ணைப் பார்க்காமல் இன்னொருவரும் கொடுப்பார். இரண்டும் ஒத்துப்போனால் முடிந்தது. 'பரவாயில்லை' எப்போதும் ஒத்துப்போகும். பட்டியலில் இருக்கிறதே. ஒரு வீட்டின் சராசரி மூன்றரைக்குக் கீழே போனால் எச்சரிக்கை. அடுத்த மூன்று மாதமும் ஏறவில்லை என்றால் வீடு சேவையிலிருந்து நீக்கப்படும். நீக்கப்பட்ட வீடு திரும்ப வர முடியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மறுபார்வை மனு ஒன்று வந்தது. வழக்கமாக மனுக்கள் ஆங்கிலத்தில் நாலு வரி இருக்கும். இது கோடு போட்ட தாளில் தமிழில் எழுதிப் படம் எடுத்து அனுப்பிய கடிதம். எழுதியவரை ஸ்டெல்லா என்று வைத்துக்கொள்கிறேன். உண்மைப் பெயர் வேறு. பாளையங்கோட்டைப் பக்கம் ஊர். டில்லியில் முப்பது வருடம் செவிலியர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முனிர்காவில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வாடகை வீடு. ஒரு அறையில் அவர். இன்னொரு அறையை, பெரிய ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்காக வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுகிறார்.

கடிதத்தின் முக்கியமான பகுதியை அப்படியே தருகிறேன்.

"ஐயா, எனக்கு மூன்று மார்க்கு போடுகிறார்கள் என்று சொல்கிறீர்கள். என் வீட்டில் தங்கியவர்கள் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். எது குறை என்று சொன்னால் திருத்திக்கொள்வேன். திங்கட்கிழமை என் வீட்டை எடுத்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். எடுத்தால் இந்த வாடகையை என்னால் தனியாகக் கட்ட முடியாது. நான் தம்பி வீட்டுக்குப் போய்விடுவேன், அது பெரிய விஷயம் இல்லை. அடுத்த மாதம் தேனியிலிருந்து ஒரு சிறு பிள்ளையைக் கொண்டுவருகிறார்கள். அவர்களுக்கு ஹிந்தி தெரியாது. அவர்கள் எங்கே போவார்கள் என்று எழுதவும்."

எழுதவும் என்று முடித்திருந்தார். கையெழுத்துக்குக் கீழே தன் பழைய பணி எண்ணையும் போட்டிருந்தார்.

ஸ்டெல்லாவின் வீட்டுக்கு வந்த கருத்துகளை எடுத்தேன், எல்லாம் தமிழ்தான். பதினொன்று. அவற்றில் எட்டில் 'பரவாயில்லை' இருந்தது. எட்டுக்கும் மூன்று. எட்டுக்கும் பக்கத்தில் வரிசை எண் நாற்பத்தொன்று என்று குறிப்பு. பட்டியலில் நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில் 'ல'.

மல்ஹோத்ரா மேடத்திடம் போனேன். அவருக்கு ஓய்வு பெற ஏழெட்டு மாதம் இருந்தது. திரையைத் திருப்பச் சொல்லாமல், கண்ணாடியைக் கழற்றி வைத்தார். படித்தேன். 'வீடு பரவாயில்லை.' 'அம்மா நல்ல மாதிரி, சாப்பாடு பரவாயில்லை.' 'பரவாயில்லை.' நான்காவதில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எல்லாத்தையும் ஒரே குரல்ல ஏன் படிக்கிற?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"எழுத்தா இருக்கு மேடம். குரல் எனக்கு எப்படித் தெரியும்?"

"ஹிந்தியில என்ன அர்த்தம்?"

"டீக் ஹை. இல்லேன்னா, கோயி பாத் நஹீ." முதலாவது 'சரிதான்', இரண்டாவது 'அதனால் என்ன'.

மேடம் கண்ணைத் திறந்தார். "என் மாமியார் இருபத்தாறு வருஷமா என் சமையலை டீக் ஹைன்னு சொல்றாங்க. நல்லா இருக்கா இல்லையான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது" என்றார். சிரிக்கவில்லை. "கினாரா எங்கே, லலிதா?"

திரையில் கினாரா கிடையாது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

மறுபார்வைக்கு என்று ஒரு விதி உண்டு. யாரும் பயன்படுத்தாத விதி. கருத்து எழுதியவருக்குச் சேவை மூலம் ஒரு செய்தி அனுப்பி, அவர் சம்மதித்தால் ஒரே ஒருமுறை தொலைபேசியில் பேசலாம். எந்த வீட்டுக்கு என்ன ஆகப்போகிறது என்று சொல்லக் கூடாது. பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. நீங்கள் எழுதியதை உங்கள் வாயால் ஒருமுறை சொல்ல முடியுமா, ஏன் அப்படி எழுதினீர்கள், இவ்வளவுதான் கேட்கலாம். எட்டுப் பேருக்கும் செய்தி அனுப்பினேன். புதன் மாலைக்குள் மூன்று பேர் சம்மதித்தார்கள்.

அந்த நாட்களில் என் பஸ் முனிர்கா வழியாகத்தான் போகும், வரும். மறுபார்வை முடியும்வரை மனு கொடுத்தவரைப் பார்க்கக் கூடாது என்பதும் விதி. முனிர்கா நிறுத்தத்தில் கதவு திறக்கும்போதெல்லாம் நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன்.

முதலில் பேசியது மதுரையிலிருந்து ஒரு பெண். கேள்வியைக் கேட்டதும் சிரித்தார். "பரவால்ல! அந்த ஊர்ல போயி மொளகு ரசம் கெடைச்சுச்சே, பரவால்லயே! அப்படித்தான் எழுதுனேன். ஏன், தப்பா?" அந்தப் 'பரவால்ல'வில் வியப்பு இருந்தது. ஐந்து என்று மனதில் போட்டேன். என் பட்டியல் தப்பு, இந்தச் சொல் பாராட்டு, நான்கு என்றோ ஐந்து என்றோ மாற்றினால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

இரண்டாவது வேலூரிலிருந்து ஒருவர். "பரவாயில்லைம்மா... காலையில தண்ணி வராது. மூணு மாடி ஏறணும். அந்தம்மா பாவம், என்ன பண்ணுவாங்க? பரவாயில்லை." இது அசல் மூன்று. ஒருவேளை இரண்டரை. என் தீர்வு அரை மணி நேரம்கூட நிற்கவில்லை.

மூன்றாமவர் கரூர்க்காரர். அவர் எழுதியிருந்தது அந்த ஒரே ஒரு சொல். நட்சத்திரம் இல்லை. வியாழக்கிழமை பகல் ஒரு மணிக்குப் பேசினேன்.

"சொல்லுங்க மேடம். ஏதாச்சும் பிரச்சனைங்களா?"

"ஒண்ணும் இல்லைங்க. நீங்க முனிர்கா வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை எழுதியிருக்கீங்க. அதை ஒரு தடவை சொல்ல முடியுமா?"

 தறிச் சத்தம் போல ஏதோ பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கதவைச் சாத்தும் சத்தம்.

"பரவாயில்லைன்னு எழுதுனனுங்க."

"ஏன் அப்படி எழுதினீங்க?"

"வேற என்னங்க எழுதறது?" என்றார். "எங்கம்மா அந்த வீட்லதானுங்க போய்ச் சேர்ந்தாங்க. ஆஸ்பத்திரில இனி ஒண்ணும் பண்றதுக்கில்ல, ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னுட்டாங்க. ரயிலுக்கு ரெண்டு நாள் இருந்துச்சு. அந்தம்மா ராவும் பகலும் கூடவே உக்காந்திருந்தாங்க. வாயில தண்ணி வுட்டது அவங்கதானுங்க. நான் கீழ மருந்து வாங்கப் போயிருந்தேன்."

எனக்குக் கொடுத்திருந்த கேள்விகள் முடிந்துவிட்டன. ஆனாலும் ஃபோனை வைக்கவில்லை.

"ஊருக்குக் கொண்டாந்து, எல்லாம் முடிச்சு, பதினாறாம் நாள் காரியத்துல உக்காந்திருக்கறனுங்க. போன் கத்துது. உங்கள் தங்கல் எப்படி இருந்ததுன்னு கேக்குது. ஒரு பொம்மை சிரிக்குது. நாலு நாளா அதயே கேட்டுட்டிருந்துச்சுங்க. அஞ்சு நட்சத்திரம் போட்டா, நான் என்னமோ சந்தோஷமா இருந்துட்டு வந்த மாதிரி ஆயிராதுங்களா? போடாம வுட்டா அந்தம்மாவுக்குச் செஞ்ச துரோகம். ஒண்ணும் புரியல. பரவாயில்லைன்னு எழுதிட்டு அணைச்சு வெச்சனுங்க. தப்புங்களா மேடம்?" என்றார்.

"தப்பே இல்லைங்க" என்றேன். அது விதிப்படி நான் சொல்லக் கூடாத வாக்கியம். அறிக்கையில் அதையும் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை மாலை மேடத்தின் அறையில் உட்கார்ந்தேன். மூன்று பேர் சொன்னதையும் சொன்னேன். அழைப்புகளைப் பதிவு செய்வதில்லை. நான்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். மதுரைப் பெண் போலச் சொன்னேன். மேடம் தலையாட்டினார். வேலூர்க்காரர் போலச் சொன்னேன். தலையாட்டினார். கரூர்க்காரர் சொன்னதுபோல் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. மேடம் காத்திருந்தார். 'ஃபிர் ஸே' என்று சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் அவர் அதைச் சொல்லாமல் விட்டது அந்த ஒருமுறைதான்.

"எத்தனை போடலாம் என்கிறாய்?" என்றார்.

"எண் போட முடியாது மேடம். ஐந்தும் தப்பு, மூன்றும் தப்பு. இந்தச் சொல்லைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும்."

"இந்த ஒரு வீட்டுக்கா?"

"எல்லா வீட்டுக்கும்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "லலிதா, நல்லாக் கேள். ஒரு வரிசை தப்புன்னு நாம் எழுதிக் கொடுத்தால், மற்ற வரிசையெல்லாம் சரியான்னு கேட்பார்கள். தமிழ்ப் பட்டியல் பூராவும் சந்தேகத்துக்கு வரும். உன் பிரிவு இருக்குமா என்று நான் சொல்ல முடியாது. அந்த அம்மாளின் சராசரியை மட்டும் சிறப்புக் காரணம் போட்டு ஏற்றிவிடலாம். அதற்கு எனக்கு அதிகாரம் இருக்கிறது. யாரும் கேட்க மாட்டார்கள்."

அந்த வழியில் ஸ்டெல்லாவின் வீடு தப்பித்துவிடும். என் 'ல'வும் தப்பித்துவிடும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்கும் வீடு ஸ்டெல்லாவுடையது மட்டும்தானா? அதே வரிசையால் எத்தனை வீடுகளுக்கு எத்தனை மூன்று விழுந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. போன வருடங்களில் நீக்கப்பட்ட வீடுகளை நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

பிழை ஒப்புதல் படிவத்தைக் கேட்டேன். மேடம் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கையால் நிரப்ப வேண்டிய தாள் அந்த அலுவலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. 'பிழையின் காரணம்' என்ற இடத்தில், "இச்சொல்லைப் பலர் பல விதமாகச் சொல்கிறார்கள். நான் கேட்காமலேயே ஒரே விதமாக எழுதிவிட்டேன்" என்று எழுதினேன். மேடம் ஹிந்தியில் பொருள் கேட்டார். சொன்னேன். கீழே அவரும் கையெழுத்துப் போட்டார். அவருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கும்போது யாரும் பிழைத் தாளில் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குப் பட்டியலிலிருந்து நாற்பத்தொன்று நீக்கப்பட்டது. ஸ்டெல்லாவின் வீடு சேவையிலிருந்து நீக்கப்படவில்லை. ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எட்டுக் கருத்துகள் கணக்கில் வராமல் போனதும் மிச்சம் மூன்றுதான். ஐந்துக்குக் குறைந்தால் அந்தக் கணினி சராசரி காட்டாது. பழைய கருத்துகளையும் மறைத்துவிடும். வீட்டின் படத்துக்கு மேலே பச்சை நிறத்தில் 'புதிது' என்று ஒட்டிவிட்டது.

அன்று மாலை முனிர்கா நிறுத்தத்தில் இறங்கினேன். மறுபார்வை முடிந்துவிட்டதால் தடை இல்லை. சந்துக்குள் சந்து, தலைக்கு மேல் மின்கம்பிகள், மூன்று மாடி. கதவைத் திறந்தவர் என்னைவிடக் குட்டையாக, நரைத்த தலையை இறுக்கிப் பின்னியவராக இருந்தார். யார் என்று சொன்னேன்.

"வாங்க வாங்க, இருங்க. மூச்சு வாங்குதுல்லா, மொதல்ல தண்ணி குடிங்க" என்றார். பிறகு ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இது என்ன கூத்து மேடம்? ஒம்போது வருசமா நடத்துதேன். இப்பம் புதுசுன்னு போட்டிருக்கு. புதுசாம்லா புதுசு! இந்த அறுபத்திரெண்டு வயசுல!"

அவர் சிரித்ததில் நானும் சிரித்துவிட்டேன். நடந்ததைச் சொன்னேன். பட்டியல் போட்டது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் ஃபோனைக் கீழே வைத்தார்.

"அப்பம் எனக்கு மூணு மார்க்கு போட்டது நீங்கதானா?"

"ஆமாம் சிஸ்டர்."

"நான் யாரோ பெரிய ஆபீசர்னு நெனச்சு ஐயான்னுல்லா எழுதினேன்" என்றார். உள்ளே போய் ஒரு தட்டில் இரண்டு இட்லியும் மிளகாய்ப்பொடியும் கொண்டுவந்து வைத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். "எப்படி இருக்கு?" என்று கேட்டார். அதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நான் விழித்ததைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்த ஒப்பந்தத்தில் தமிழுக்கு ஐந்து பேருக்குப் பதில் மூன்று பேர் என்று ஆனது. மேடம் சொன்னது சரிதான். யாரையும் வெளியே அனுப்பவில்லை. போனவர்களின் இடத்தில் ஆள் எடுக்கவில்லை. மேடம் ஓய்வு பெற்று டேராடூன் போனார். தேனிக் குழந்தை வந்து, இரண்டு மாதம் ஸ்டெல்லாவின் வீட்டில் இருந்து, நடந்து திரும்பிப் போனது. அதன் பிறகும் கணக்கில் ஐந்து கருத்து சேரவில்லை, 'புதிது' அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு குளிர்காலத்துக் காலையில் அலுவலக எண்ணுக்கு ஓர் அழைப்பு வந்தது. குரல் உடனே தெரிந்தது.

"மேடம், கரூர்ல இருந்து பேசறனுங்க. போன வருஷம் கூப்பிட்டீங்களே. நெனப்பிருக்குதுங்களா?"

"இருக்குங்க. சொல்லுங்க."

"அப்பாவக் கூட்டிட்டு அங்க வரணுமுங்க. அதே ஆஸ்பத்திரிதான். அந்தம்மா வீட்டத் தேடிட்டிருக்கறேன். அவங்க வீடு மாதிரியே ஒரு போட்டோ இருக்குதுங்க, ஆனாப் புதிதுன்னு போட்டிருக்குது. ஒரு கருத்தும் இல்ல. வேற யாராச்சும் எடுத்துட்டாங்களா? அந்தம்மா ஊருக்குப் போயிட்டாங்களா?"

"அவங்க நம்பர் உங்ககிட்ட இல்லீங்களா?"

"அம்மா போன்ல இருந்துச்சுங்க. அதத் தொறக்க மனசு வரலீங்க."

அதே வீடு, அதே அம்மா, அவர்கள்தான் என்று சொன்னேன். வாடிக்கையாளர் விவரம் எதையும் வெளியே சொல்லக் கூடாது என்ற விதியை என் பணிக்காலத்தில் நான் தெரிந்தே மீறியது அந்த ஒருமுறை. எதிர்முனையில் அவர் மூச்சு விட்டது கேட்டது.

"அப்ப அங்கியே வந்தர்றமுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லணும், நீங்க சொல்லிருங்க. அந்த ரூம் மட்டும் வேண்டாங்க. அப்பாவால அந்த ரூம்ல படுக்க முடியாதுங்க. ஹால்ல ஒரு பாய் போட்டாப் போதும்."

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.  அடுப்பை அணைத்த சத்தம் கேட்டது.

"குளிருல வயசானவரு ஹால்லயா?" என்றார். "என் கட்டில அவருக்குக் குடுத்திருதேன். அந்த ரூம்ல நான் படுத்துக்கிடுதேன். எனக்கு என்ன, அந்தம்மாவ எனக்குத் தெரியும்லா."

வண்டி என்றைக்கு வருகிறது என்று கேட்டார், சொன்னேன். ஃபோனை வைக்கப் போகும்போது மறுபடியும் கூப்பிட்டார்.

"மேடம், அவருக்குச் சக்கரை உண்டான்னு மட்டும் கேட்டுச் சொல்லுதியளா? சோறாக்கவா, கோதுமையான்னு தெரியணும்."

கரூருக்குத் திரும்பப் பேசிக் கேட்டேன்.